பழைய பிரெஞ்சு தபால் அட்டைகள்: கைவினைக்கு அசலா, நகலா?

பழைய பிரெஞ்சு தபால் அட்டையை வைத்துப் பெட்டி, வாழ்த்து அட்டை, சுவர்ப்படம் என்று எதைச் செய்ய இறங்கினாலும் மூன்று வழிகள் உண்டு. 1900-1920 காலத்து அசலை எடுக்கலாம். அதற்குப் பின்னால் 1960கள் வரை வந்த அசலை எடுக்கலாம். இல்லாவிட்டால் அசலை ஸ்கேன் செய்து நகலை எடுக்கலாம். பாரிசில் போர்த் த வான்வ் வார இறுதிச் சந்தையிலோ, டெல்காம்ப் இணையதளத்திலோ சாதாரண அசல் ஒன்றிரண்டு யூரோவுக்கே கிடைக்கும்போது நகல் எதற்கு என்று கேட்பவர்கள் நிறைய. விலையில் வித்தியாசம் பெரிதாக இல்லை என்பது உண்மைதான். பசையும் ஈரமும் வெயிலும் பட்ட பிறகுதான் வித்தியாசம் தெரியும்.

எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஒட்டி வார்னிஷ் பூசும் வேலைக்கு லேசர் நகல்தான். திரும்பக் கழற்றக்கூடியபடி சட்டத்துக்குள் வைப்பதற்கு அசல். அசலையே வெட்டி ஒட்டித்தான் ஆகவேண்டும் என்றால், 1950-60களில் ஆயிரக்கணக்கில் அச்சான சுற்றுலா அட்டையை எடுங்கள். அதற்கு முந்தையதைத் தொடாதீர்கள்.

கையில் இருப்பது எந்தக் காலத்து அட்டை என்று தெரியாமல் கத்தரிக்கோலை எடுக்கக் கூடாது. முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள். பின்பக்கத்தை நடுக்கோட்டால் பிரித்து, ஒரு பாதியில் செய்தியும் மறுபாதியில் முகவரியும் எழுத பிரான்சில் அனுமதி கிடைத்தது 1903-இன் கடைசியில். அதற்கு முன் பின்பக்கம் முழுவதும் முகவரிக்கு மட்டும். செய்தியைப் படத்தின் ஓரத்து வெள்ளையில் நெருக்கி எழுதினார்கள். கோடு இல்லாத பின்பக்கமும் படத்தின் மேல் கையெழுத்துமாக ஓர் அட்டை வந்தால் அதைத் தனியே எடுத்து வையுங்கள். அடுத்தது அளவு. பழையவை 9 × 14 செ.மீ.; பின்னாளில் வந்தவை 10.5 × 15. அலை அலையாக வெட்டிய ஓரம் இருந்தால் பெரும்பாலும் 1950களை ஒட்டியது.

பிறகு பத்து மடங்கு லென்ஸ். 1900-1920 காலத்து அட்டைகளில் பெரும்பகுதி கொலோடைப் முறையில், அதாவது ஜெலட்டின் படலத்தில் மை ஏற்றி, அச்சானவை. லென்ஸில் பார்த்தால் சீரான புள்ளிகள் இருக்காது. புழு நெளிந்தது போன்ற நுண்ணிய சுருக்கங்கள் தெரியும். நான்சி நகரின் பெர்ஜெரே, பாரிசின் நெர்தேன், லெவி ஆகிய பதிப்பகங்கள் இந்த முறையில் அச்சடித்துக் குவித்தன. நெர்தேன் அட்டையில் ‘என்.டி.’ என்றும் லெவி அட்டையில் ‘எல்.எல்.’ என்றும் எழுத்துகள் இருக்கும். வரிசையான புள்ளிகள் தெரிந்தால் படத்தைப் புள்ளிகளாக உடைத்து அச்சிடும் ஹாஃப்டோன் அல்லது ஆஃப்செட். எந்தக் கோலமும் இல்லாமல் சாம்பல் நிறம் வழுவழுவென்று ஓடினால் அது நிஜப் புகைப்படத் தாள்; கறுத்த பகுதிகளில் சாய்த்துப் பார்த்தால் வெள்ளி முலாம் பூசியது போல மினுங்கும். பழைய அட்டை என்று மறுபதிப்பை விற்பவர்களும் உண்டு. இருட்டில் புற ஊதா டார்ச்சை அடித்தால் 1950-க்குப் பிந்தைய தாள்களில் பல நீல வெள்ளையாக ஒளிரும், பழைய தாள் மங்கலாகவே கிடக்கும்.

இனி அசலை ஒட்டினால் என்ன ஆகும் என்று பார்ப்போம். கொலோடைப் அட்டை கெட்டியானது, மடங்காது. வட்டமான டப்பாவில் சுற்றினால் மேல்படலம் குறுக்கே வெடிக்கும். தட்டையான பலகையில் ஒட்டினாலும் ஓரம் படியாக எழும்பி நிற்கும். அந்தப் படி மறைய வார்னிஷை நகலுக்குப் பூசுவதைப் போலப் பல மடங்கு பூச வேண்டும். அதைவிட மோசம் நிறம். காதலர் ஜோடி, ஏப்ரல் 1 மீன், செயின்ட் கேத்தரின் நாள் தொப்பி போன்ற கற்பனைப் படங்களில் கன்னச் சிவப்பும் பூவின் இளஞ்சிவப்பும் பெரும்பாலும் கையாலோ வெட்டுத் தகட்டை (ஸ்டென்சில்) வைத்தோ பூசிய சாயம். தண்ணீர் கலந்த பசை பட்டதும் சாயம் கரைந்து முகத்தில் பரவும். பின்பக்கத்திலும் இதே தொல்லை. அந்தக் காலத்துப் பிரான்சில் ஊதா மை பரவலாகப் புழங்கியது. அதுவும் தண்ணீரில் கரையும். பின்பக்கம் பசை தடவினால் மை தாளுக்குள் ஊறி முன்பக்கம் வரை கறை வரும். நிஜப் புகைப்பட அட்டையின் மேல் ஜெலட்டின் படலம் இருக்கிறது. ஈரம் பட்டால் ஊறிப் பிசுபிசுக்கும். கைரேகை அப்படியே பதிந்து நிரந்தரமாகிவிடும்.

இதே பலவீனங்கள் பிந்தைய அசல்களிலும் கொஞ்சம் உண்டு. 1930-50களின் பளபளப்பான அட்டைகளில் பல, இயந்திரத்தில் அடித்த நிஜப் புகைப்படங்களே. வறண்ட அறையில் ஜெலட்டின் இறுகி அட்டை உள்பக்கமாகச் சுருளும். நேராக்கக் கட்டாயப்படுத்தி மடக்கினால் விரிசல் விடும். வண்ண ஆஃப்செட் அட்டைகள்தான் வெட்டி ஒட்ட ஏற்றவை. கடற்கரை, மலைப்பாதை, லூர்து மாதா கோயில் என்று இவை கிலோக்கணக்கில் கிடைக்கின்றன. இவற்றின் முன்பக்கப் பளபளப்பில் ஃபெவிகால் பிடிக்காமல் முத்து முத்தாக நிற்கும். அதனால் ஈரப்பசையை விட்டுவிட்டு, பின்பக்கத்தில் அமிலமில்லாத இருபக்க டேப்பை நான்கு ஓரமும் நடுவில் ஒரு பட்டையுமாக ஒட்டுவது நல்லது.

நகலுக்கு வந்தால் வேலை சுலபம். ஸ்கேனரில் அங்குலத்துக்கு 600 புள்ளியில் எடுத்தால் 9 × 14 செ.மீ. அட்டை சுமார் 2,100 × 3,300 பிக்சல் தரும். அதை ஏ4 அளவுக்குப் பெரிதாக்கினாலும் அங்குலத்துக்கு 280 புள்ளி மிஞ்சும், அது போதும். ஸ்கேனர் மென்பொருளில் அச்சுப் புள்ளிகளை அழிக்கும் வசதி இருக்கும். ஹாஃப்டோனுக்கு அதைப் போடுங்கள். கொலோடைப்புக்குப் போட்டால் நுண்ணிய கோடெல்லாம் மழுங்கிவிடும். வெண்மையைத் தானாகச் சரிசெய்யும் வசதியை அணைத்து வையுங்கள், இல்லாவிட்டால் தாளின் பழுப்பு போய் அட்டை நேற்று அச்சடித்தது போல ஆகிவிடும். கறுப்பு வெள்ளைப் படத்தையும் வண்ணத்திலேயே அச்சிடுங்கள். வெள்ளி மினுக்கம் உள்ள அட்டையை ஸ்கேனர் வெளிச்சம் நீலமாக்கிவிடும். அதை மட்டும் மேசையில் படுக்கவைத்து, விளக்கைப் பக்கவாட்டில் வைத்துப் படம் எடுங்கள்.

அச்சில் லேசரா இங்க்ஜெட்டா என்ற கேள்விக்கு, ஒட்டும் வேலையென்றால் பதில் லேசர். லேசர் டோனர் என்பது சூட்டில் உருகித் தாளில் பிடித்துக்கொண்ட பிளாஸ்டிக் தூள்; பசையில் கரையாது. சாதாரண இங்க்ஜெட் மை கரைந்து ஓடும். இங்க்ஜெட்டை விட்டால் வேறு வழியில்லை என்றால் அக்ரிலிக் ஸ்பிரேயை இரண்டு மெல்லிய பூச்சாக, நடுவே அரை மணி நேரம் காயவிட்டு அடித்த பிறகு ஒட்டலாம். பழுப்பின் ஆழமும் நிழலின் மென்மையும் இங்க்ஜெட்டில்தான் அழகாக வரும். அதனால் சட்டத்துக்கும் வாழ்த்து அட்டைக்கும் 200 ஜி.எஸ்.எம். (தாளின் கன அளவு) மேட் தாளில் இங்க்ஜெட்டையே நாங்கள் தேர்ந்தெடுப்போம். லேசரின் குறை மடிப்பில் தெரியும். டோனர் மடிப்பில் வெடித்து வெள்ளைக்கோடு விடும். படம் மடிப்பைத் தொடாதபடி அமையுங்கள்.

மரப்பெட்டிக்கு 80-90 ஜி.எஸ்.எம். தாளில் லேசர் நகல் எடுங்கள். மரத்தை 220 எண் உப்புத்தாளால் தேய்த்து, ஒரு கை வெள்ளை அக்ரிலிக் பிரைமர் பூசிக் காயவிடுங்கள். ஃபெவிகால் இரண்டு பங்குக்குத் தண்ணீர் ஒரு பங்கு கலந்து, பெட்டியில் மெல்லியதாகத் தடவுங்கள். நகலை அரை நிமிடம் தண்ணீரில் நனைத்து, துணியில் ஒற்றியெடுத்து, பிறகு பசைமேல் வையுங்கள். இந்த நனைப்பைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். காய்ந்த தாள் பசை பட்டதும் விரியும், விரிந்த தாளுக்குப் போக இடமில்லாமல் குமிழாக எழும்பும். முன்பே நனைத்தால் விரிய வேண்டியது விரிந்துவிட்டிருக்கும். மேலே பிளாஸ்டிக் தாளைப் போட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு ரப்பர் உருளையால் அழுத்துங்கள். ஒரு நாள் காயட்டும். பிறகு தண்ணீர்வகை வார்னிஷ் மூன்று நான்கு கை. இரண்டாவது கைக்குப் பிறகு 400 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்க்கலாம். முதல் கையிலேயே தேய்த்தால் தாள் பஞ்சு கிளம்பும். மழைக்காலத்தில் தடிமனாகப் பூசினால் ஈரம் உள்ளே மாட்டி, படத்தின் மேல் பால்போன்ற மூட்டம் நிற்கும்.

மரத்திலோ துணியிலோ ஜெல் மீடியம் (கெட்டியான அக்ரிலிக் குழம்பு) கொண்டு படத்தைப் பெயர்த்து இறக்கும் வேலைக்கும் லேசர் நகல்தான் வேண்டும். அச்சிடும் முன் படத்தை இடவலமாகத் திருப்ப மறந்தால் ‘பாரி’ (பாரிஸ்) என்ற தலைப்பும் தெருப்பலகைகளும் கண்ணாடியில் பார்ப்பது போல இடவலம் மாறி வரும்.

அசலைக் காட்சிக்கு வைப்பதில் இரண்டு முறைகள் போட்டி போடுகின்றன. பாலியஸ்டர் மூலைகளை நான்கு பக்கமும் மாட்டுவது ஒன்று. ஜப்பானிய மெல்தாளைக் கோதுமைப் பசையால் ஒட்டித் தொங்கவிடுவது இன்னொன்று. கோதுமைப் பசை ஈரத்தில் திரும்பக் கழலும், ஃபெவிகால் கழலாது. அதனால் இரண்டாவது முறை மோசமில்லை. ஆனாலும் பின்பக்கத்து ஊதா மைக்கு ஈரம் ஆகாது என்பதால் மூலையே எங்கள் தேர்வு. அமிலமில்லாத மவுண்டில் (படத்தைச் சுற்றிச் சட்டத்துக்குள் வைக்கும் கனத்த அட்டை) 8.4 × 13.4 செ.மீ. சன்னல் வெட்டினால் நாலாபுறமும் 3 மி.மீ. அட்டையைப் பிடித்துக்கொள்ளும். மவுண்ட் இல்லாமல் கண்ணாடியை நேராக அட்டைமேல் அழுத்தாதீர்கள். காற்றில் ஈரம் ஏறினால் ஜெலட்டின் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். வெயில் விழும் சுவருக்கு நகலை மாட்டி, அசலை பாலியஸ்டர் உறையில் வையுங்கள். பி.வி.சி. உறை வேண்டாம், அதிலிருந்து கசியும் ரசாயனம் அட்டையைப் பிசுபிசுப்பாக்கும்.

சில வகைகளை எந்தக் கைவினைக்கும் எடுக்கக் கூடாது. முதல் உலகப் போரின்போது பிரான்சில் சண்டையிட்ட பிரிட்டிஷ், அமெரிக்கச் சிப்பாய்கள் வாங்கி வீட்டுக்கு அனுப்பிய பட்டு எம்பிராய்டரி அட்டைகள் அவற்றில் முதன்மையானவை. சிலவற்றில் துணியே சிறு பையாக மடிந்து, உள்ளே ஒரு குட்டி அட்டை இருக்கும். சின்ன ஊர்களின் கடைத்தெரு, ரயில் நிலையம், தொழில் செய்வோர் என்று ஆட்கள் தெரியும் அட்டைகளை அந்தந்த ஊர்ச் சேகரிப்பாளர்கள் தேடுகிறார்கள். ஈஃபில் கோபுரத்துக்கு இல்லாத மதிப்பு அவற்றுக்கு உண்டு. புதுச்சேரி, காரைக்கால் படங்கள் ‘பிரெஞ்சு இந்தியா’ தலைப்பில் விற்பனைக்கு வரும். 1914-இல் வெளியான பிரம்மா உருவத் தபால்தலையும் முத்திரையும் அப்படியே இருந்தால் அந்த அட்டையை வெட்டவும் கூடாது, தபால்தலையை ஊறவைத்துப் பிரிக்கவும் கூடாது. விதை தூவும் பெண்ணின் உருவம் கொண்ட பிரான்சின் ‘விதைப்பவள்’ தபால்தலைக்கும் இதே விதி. ஐந்து சொற்களுக்கு மிகாத வாழ்த்துக்கு 5 சான்டீம் மட்டும் வசூலித்த காலம் அது. பச்சைத் தபால்தலையும், பின்னால் நான்கைந்து சொற்களும் இருந்தால் அந்தக் கட்டணத்துக்கே அது சாட்சி.

செய்த பொருளை விற்கப் போகிறவர்களுக்கு ஒன்று. பிரெஞ்சுச் சட்டப்படி படைத்தவர் இறந்து 70 ஆண்டுகள் வரை பதிப்புரிமை நீடிக்கும். 1939-இல் இறந்த செக் ஓவியர் அல்போன்ஸ் முஷாவின் ஓவியங்களை நகலெடுத்து விற்கலாம். 1950-60களின் அட்டையில் புகைப்படக்காரர் பெயர் இருந்தால், அவர் எப்போது இறந்தார் என்று தெரியாமல் நகலெடுத்து விற்காதீர்கள். அப்படிப்பட்ட அட்டைக்கு விலைக்கு வாங்கிய அசலையே டேப்பில் ஒட்டி விற்பது பாதுகாப்பான வழி.