சீன முதலீட்டுத் திட்டங்களை எந்தத் தராசில் நிறுப்பது?

வெளிநாடுகளில் சீன நிறுவனங்களும் வங்கிகளும் இறங்கும் திட்டங்களின் சுற்றுச்சூழல், சமூகப் பாதிப்புகளை மதிப்பிட்டுக் குறிப்பு எழுதும்போது, எந்த அளவுகோலை முதன்மையாகக் கொள்வது என்று நான் தீர்மானிக்க வேண்டியிருந்தது. சீன அரசின் வழிகாட்டுதல்கள், உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த சர்வதேச நிதிக் கழகத்தின் செயல்திறன் தரநிலைகள், திட்டம் நடக்கும் நாட்டின் சட்டம் என மூன்று இருந்தன. நான் எடுத்துக்கொண்டது மூன்றாவதை.

வாசகத்தை மட்டும் பார்த்தால் நிதிக் கழகத்தின் எட்டுத் தரநிலைகளுக்கு ஈடில்லை. பட்டா இல்லாதவர்களையும் ஐந்தாம் தரநிலை மீள்குடியமர்வுக் கணக்கில் சேர்க்கிறது. சீன ஆவணங்களும் ஏட்டளவில் மோசமில்லை. 2012ஆம் ஆண்டின் பசுமைக் கடன் வழிகாட்டுதல்களில் 21ஆம் பிரிவு, வெளிநாட்டுத் திட்டங்களில் திட்டம் நடக்கும் நாட்டின் சட்டத்தைப் பின்பற்றச் செய்வதோடு, சர்வதேச நடைமுறைக்கு இணங்குவதாகப் பகிரங்கமாக உறுதியளிக்கவும் வங்கிகளைக் கேட்கிறது. 2022இல் வந்த பசுமை நிதி வழிகாட்டுதல்கள் புகார்களைக் கையாளும் ஏற்பாட்டையும் கோருகின்றன.

என் முடிவைத் தீர்மானித்தது ஒரே கேள்விதான்: மீறல் நடந்தால் பாதிக்கப்பட்டவர் மனுவை யாரிடம் கொடுப்பது, அதற்குப் பதில் சொல்லும் கட்டாயம் யாருக்கு? நிதிக் கழகத்தின் குறைகேள் அலுவலகம் அக்கழகத்தின் பணம் புழங்கும் திட்டங்களைத்தான் விசாரிக்கும். சீன வங்கி மட்டும் கடன் கொடுக்கும் அணையோ சுரங்கமோ அதன் வரம்புக்குள் வராது. சீன வழிகாட்டுதல்களோ வங்கியையும் அதன் கண்காணிப்பாளரையும் நோக்கி எழுதப்பட்டவை. தொலைதூர மீனவர் ஒருவர் அவற்றைக் காட்டி வழக்காடுவது எளிதல்ல.

கென்யாவின் லாமு கடற்கரையில் திட்டமிடப்பட்ட 1,050 மெகாவாட் நிலக்கரி மின்நிலையத்தை எடுத்துக்கொள்வோம். முதலீட்டாளர்களில் கென்ய நிறுவனங்கள் இருந்தாலும், கட்டுமானம் சீன நிறுவனத்திடம், கடன் சீனத் தொழில், வணிக வங்கியிடம் (ICBC) என்பது ஏற்பாடு. ஊர்மக்கள் நைரோபியிலுள்ள தேசிய சுற்றுச்சூழல் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். சுற்றுச்சூழல் தாக்க ஆய்வு முடிவதற்கு முன்பே நடந்த அறிமுகக் கூட்டங்களை மக்கள் கலந்தாய்வு என்று ஏற்க முடியாது என்று சொல்லி, 2019 ஜூனில் தீர்ப்பாயம் திட்டத்தின் சுற்றுச்சூழல் உரிமத்தை ரத்து செய்தது. அறிக்கையே கையில் இல்லாத மக்களிடம் எதைப் பற்றிக் கருத்துக் கேட்பது? அடுத்த ஆண்டு அந்தச் சீன வங்கியும் விலகிக்கொண்டது. தீர்ப்பு மட்டுமே அதற்குக் காரணம் என்று சொல்ல மாட்டேன். வங்கிக்கு எதிரான பிரசாரமும் கூடவே நடந்தது. ஆனாலும் உரிமம் இல்லாத திட்டத்துக்குக் கடன் கொடுப்பது எந்த வங்கிக்கும் சங்கடம்தான்.

இந்தத் தேர்வு எல்லா நாட்டுக்கும் பொருந்தாது. மியான்மரில் சீன முதலீட்டிலான மித்சோன் அணை வேலைகள் தொடங்கிய 2009இல் அங்கே சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமே இல்லை. அது 2012இல்தான் வந்தது. 2011இல் அணையை நிறுத்திவைத்தது மக்கள் எதிர்ப்புக்கு இணங்கிய அதிபரின் அறிவிப்பே. அத்தகைய நாடுகளில் நிதிக் கழகத் தரநிலைகளை முதலில் வைத்து, கடன் தரும் வங்கிக்கு எழுதும் கடிதத்தில் 21ஆம் பிரிவையும் சேர்த்துக்கொள்கிறேன்.