கடலோரச் சேறு: பாசியா, புல்லா, சுள்ளி வேலியா, யாரு நல்லா புடிச்சு வெக்கிறா?

நம்ம சோழமண்டலக் கரையில கடல் ஏறி எறங்குறது ஒரு மீட்டர் வந்தாலே பெருசு, அதனால இந்த விஷயம் நமக்கு சட்டுனு புடிபடாது. கனடால ஃபண்டி வளைகுடான்னு ஒண்ணு இருக்கு, அதுல மினாஸ் பேசின் பக்கம் பெரிய ஓதத்துக்கு தண்ணி 16 மீட்டர் வரைக்கும் ஏறி எறங்கும், அஞ்சு மாடி வீட்டு உயரம்னு வச்சுக்கோங்க. வத்தத்துல, அதாவது தண்ணி எறங்கிக் கெடக்குற நேரத்துல, கண்ணுக்கெட்டின தூரம் வரைக்கும் வெறும் சேறுதான். தினம் ரெண்டு தடவ கடல் வந்து வழிச்சுட்டுப் போற எடத்துல இது எப்படி கரையாம கெடக்குதுங்கிறதுதான் கேள்வி, போட்டில மூணு பேரு இருக்காங்க.

எனக்கு ரொம்பப் புடிச்ச ஆள் பாசி, அதாவது டயாட்டம். வத்தத்துல வெயில் அடிக்கும்போது சேத்து மேல தங்க பிரவுன் கலர்ல ஒரு பளபளப்பு தெரியும், அது அழுக்கு இல்ல, கண்ணுக்குத் தெரியாத லட்சக்கணக்கான டயாட்டம் வெளிச்சத்துக்கு மேல ஏறி வந்திருக்கு. கண்ணாடி லென்ஸ் தொடைக்கிற மெல்லிசு பேப்பர் இருக்குல்ல, அத ஈரமா அது மேல விரிச்சு வச்சா கொஞ்ச நேரத்துல அதுங்க பேப்பருக்குள்ள ஏறிடும், ஆராய்ச்சி பண்றவங்க அப்படியே பேப்பரோட எடுத்துட்டுப் போயிடுவாங்க. தண்ணி திரும்ப வர்றதுக்கு முன்னாடியே எறங்கிடுதுங்க, பளபளப்பும் போயிடும். இப்படி ஏறி எறங்குறதுக்காக அதுங்க விடுற பிசுபிசுப்பு இருக்கே, அதுதான் சேத்துத் துகள ஒண்ணோட ஒண்ணு ஒட்டுது. பால் மேல ஆடை படியுதே, கிட்டத்தட்ட அது மாதிரி.

எவ்வளவு தாங்கும்னு அளக்க 1989ல டேவிட் பேட்டர்சன்னு ஒருத்தர் ஒரு கருவி பத்தி எழுதினாரு, ஒரு சின்னக் குழாய சேத்துல குத்தி வச்சு மேலருந்து தண்ணிய பீச்சி அடிக்கிறது, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வேகத்த கூட்டி, எந்த வேகத்துல உள்ள தண்ணி கலங்குதுன்னு பாக்குறது. அவ்ளோதான். ஆடை படிஞ்ச சேறு வெறும் சேத்த விட நல்லாவே தாங்குது.

ஆனா ஆள் ரொம்ப சென்சிடிவ். வத்தத்துல ஒரு நல்ல மழை பெஞ்சா மேல்தோல் லூசாயிடும், குளிர்காலப் புயல் வரும்போது ஆடை மெல்லிசா போயிருக்கும், அதாவது நமக்கு ரொம்பத் தேவைப்படுற நேரத்துல லீவு போட்டுடுவாரு. போதாக்குறைக்கு இத மேயறதுக்கு கொரோஃபியம்னு அரிசி சைஸ்ல ஒரு இறால் சொந்தக்காரன் சேத்துல வளை போட்டு ஆயிரக்கணக்குல உக்காந்திருக்கான். இங்கதான் ஒரு டுவிஸ்ட். கோடை முடியுற நேரத்துல தென் அமெரிக்காவுக்குப் போற வழியில குட்டி உள்ளான் பறவைங்க ஃபண்டில கூட்டம் கூட்டமா எறங்கி அந்த கொரோஃபியத்த ஒரு வெட்டு வெட்டுதுங்க, மேயறவன் கொறஞ்சதும் டயாட்டம் தழைக்குது, சேறு கெட்டியாகுது. மினாஸ் பேசின்ல பாத்து 1993ல பேப்பரே போட்டிருக்காங்க. பறவை வந்தா சேறு கெட்டியாகும்னு யாராச்சும் டீக்கடையில சொல்லியிருந்தா நான் சிரிச்சிருப்பேன்.

அடுத்து புல்லு, ஸ்பார்டினா. புடிக்கிற சக்தின்னு மட்டும் பாத்தா இது பாசிய தூக்கி சாப்டும். தண்டு அலையோட வேகத்த கொறைக்குது, மெதுவான தண்ணில இருக்கிற சேறு அங்கயே படியுது, வேரு கீழ வலை மாதிரி பின்னிக்குது. ஆனா இதுக்கு எங்க நிறுத்தணும்னு தெரியாது. 1979ல சீனா கரையப் புடிக்கணும்னு அமெரிக்காலருந்து ஒரு ஸ்பார்டினாவ கொண்டு வந்து வச்சாங்க, அது கரையோரம் பூரா பரவி, பறவைங்க இரை பொறுக்குற வெறுஞ்சேத்தெல்லாம் புல்லுக்காடு ஆக்கிடுச்சு, கடைசில 2022ல அத ஒழிக்கிறதுக்குன்னே அரசாங்கம் தனி திட்டம் போட வேண்டியதாச்சு. நம்ம ஊரு சீமைக்கருவேல கதைதான், ஊரு மட்டும் வேற. அது மட்டுமில்ல, புல்லு செத்தாலும் வம்பு. இங்கிலாந்துல பூல் துறைமுகத்துல இதே சாதியில வேற ஒரு புல்லு 1920கள் வரைக்கும் பரவிட்டு அப்புறம் பின்வாங்க ஆரம்பிச்சுது, அது வரைக்கும் புடிச்சு வச்சிருந்த சேறெல்லாம் திரும்ப தண்ணிக்கே போச்சு.

மூணாவது சுள்ளி வேலி. ஜெர்மனி, நெதர்லாந்து பக்கம் வாடன் கடல்ல ரொம்ப காலமா பண்றது: ரெண்டு வரிசையா முளையடிச்சு நடுவுல சுள்ளிக் கட்ட திணிச்சு இறுக்கிக் கட்டுவாங்க, தண்ணி உள்ள போகும் வரும், அலை மட்டும் வடிகட்டின மாதிரி அடங்கிடும், வேலிக்கு உள்பக்கம் சேறு படியும். கான்கிரீட் சுவத்த பத்தி பேசவே வேணாம், அலை மோதித் திரும்பி சுவத்தோட காலடியையே தோண்டிடும். வேலில எனக்குப் புடிச்சது, வேணாம்னா புடுங்கிடலாம், புல்லுல அது நடக்காது. புடிக்காதது பராமரிப்பு செலவு, சுள்ளி கழண்டு போகும், முளைய கப்பல் புழு அரிச்சிடும். இந்தோனேசியால டெமாக் பக்கம் இதே ஐடியாவ மூங்கில் வச்சு பண்ணாங்க, சேறு படிஞ்சா அலையாத்தி தானா முளைக்கும்னு கணக்கு. சில எடத்துல முளைச்சுது, ஆனா அங்க நெலமே வருஷத்துக்கு பல சென்டிமீட்டர் அமுங்குது, நெலத்தடி தண்ணிய உறிஞ்சி எடுக்குறது அதுக்கு முக்கியமான காரணம், அதுக்கு வேலி பாவம் என்ன பண்ணும்.

என் ஓட்டு? பறவைங்க வர்ற சேறு சேறாவே இருக்கணும்னா பாசிதான், நாம செய்ய வேண்டியது அத மிதிச்சு உழப்பாம விடுறது. கரைய ஒட்டி ஊரு இருக்கு, வருஷா வருஷம் ரிப்பேருக்கு பணமும் இருக்குன்னா வேலி. புல்லு அந்த ஊருக்கே சொந்தமா இருந்தா இருக்கட்டும், வெளியூர்லருந்து கொண்டு வந்து நடுறதுக்கு மட்டும் நான் கையெழுத்து போட மாட்டேன். கரையே அமுங்குற டெமாக் மாதிரி எடத்துல இந்த மூணையும் விட்டுட்டு மொதல்ல ஆழ்துளைக் கெணத்து மோட்டார நிறுத்தணும்.