மாமாவின் காப்புரிமைக்கு இங்கே யார்: உறவினரா, வழக்கறிஞரா, முகவரா?

பாரிசில் இருக்கும் என் தாய்மாமா, உப்புநீரை வடிகட்டும் தம் கருவிக்கு இந்தியாவிலும் காப்புரிமை கேட்க முடிவெடுத்தார். பன்னாட்டு விண்ணப்பம் என்பதால், முன்னுரிமைத் தேதியிலிருந்து, அதாவது இந்தக் கண்டுபிடிப்புக்கு முதன்முதலில் விண்ணப்பித்த நாளிலிருந்து, 31 மாதத்துக்குள் இங்கே தாக்கல் செய்தாக வேண்டும். "உங்கள் முத்தியால்பேட்டை வீட்டு முகவரியைக் கொடுத்துவிடட்டுமா?" என்று தொலைபேசியில் கேட்டார். பிரான்சில் சொந்தம் உள்ள புதுச்சேரிக் குடும்பங்கள் இங்கே ஏராளம். நாளை அவர்களிடமும் இதே கேள்வி வரலாம்.

காப்புரிமை விதிகளின் 5ஆம் விதிப்படி இந்தியாவில் ஓர் அஞ்சல் முகவரியும் மின்னஞ்சலும் தர வேண்டும். தராவிட்டால் அறிவிப்பு அனுப்பக்கூட காப்புரிமை அலுவலகத்துக்குக் கடமையில்லை. இந்த அளவுக்கு எங்கள் வீடு போதும், செலவும் கிடையாது. ஆனால் விண்ணப்பத்தை ஆராய்ந்து அந்த அலுவலகம் எழுதும் முதல் ஆய்வறிக்கை ஒரு நாள் வரும். அதிலுள்ள ஆட்சேபங்களுக்கு 6 மாதத்துக்குள் பதில் போக வேண்டும். நீட்டிப்புக் கேட்டால் இன்னும் 3 மாதம். அதுவும் தவறினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு நான் என்ன செய்வேன்? மாமாவுக்கு அனுப்பிவைப்பேன். அன்பு இருக்கிறது, அறிவு போதாது.

குடும்ப வழக்கறிஞரிடம் கொடுக்கலாம் என்றார் அம்மா. காப்புரிமை அலுவலக விசாரணையில் வாதிட வழக்கறிஞருக்குக் காப்புரிமைச் சட்டத்தின் 132ஆம் பிரிவு இடம் தருகிறது. விவரக்குறிப்பை, அதாவது கண்டுபிடிப்பை விளக்கி எதற்கு உரிமை கேட்கிறோம் என்று சொல்லும் ஆவணத்தை, எழுதித் தருவதற்கு அந்தப் பிரிவு இடம் தரவில்லை. காப்புரிமையின் உயிர் அந்த விவரக்குறிப்பில்தான்.

ஆகவே பதிவுபெற்ற காப்புரிமை முகவரையே நான் சொன்னேன். அறிவியல் அல்லது பொறியியல் பட்டம் பெற்று, அதற்கான தேர்வு எழுதி வந்தவர்; மாமாவின் கருவியைப் புரிந்துகொண்டு பதில் எழுதக்கூடியவர். சென்னை கிண்டியிலுள்ள காப்புரிமை அலுவலகத்தின் எல்லைக்குள்தான் புதுச்சேரி வருகிறது. முகவர்கள் எல்லாவற்றையும் இணையவழியில்தான் தாக்கல் செய்ய வேண்டும், விசாரணையும் காணொலியில் நடக்கிறது. எனவே அவர் நம் ஊர்க்காரராக இருக்க வேண்டும் என்ற பிடிவாதம் தேவையில்லை.

கட்டணம் பேசும்போதே இரண்டைக் கேட்டு எழுத்தில் வாங்க வேண்டும். மூன்றாம் ஆண்டு முதல் வரும் புதுப்பிப்புக் கட்டணத்தை யார் நினைவூட்டுவது? மூன்று நிதியாண்டுக்கு ஒருமுறை தர வேண்டிய 27ஆம் படிவத்தை, அதாவது கண்டுபிடிப்பு இங்கே பயன்பாட்டில் இருக்கிறதா என்ற அறிக்கையை, யார் தாக்கல் செய்வது?

பின்னாளில் முகவரை மாற்றினால், 26ஆம் படிவத்தில் புதியவருக்கு அதிகாரம் தருவதோடு பதிவேட்டிலுள்ள முகவரியையும் அன்றே மாற்றச் சொல்லுங்கள். இல்லையென்றால் கடிதங்கள் பழையவரின் வாசலுக்கே போய்க்கொண்டிருக்கும்.