மீட்டரில் 61,000, நிஜத்தில் ஒன்றரை லட்சம்: பழைய மின்சார எஸ்யூவி வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

பினாங்கிலோ கோலாலம்பூரிலோ பழைய ஆடம்பர மின்சார எஸ்யூவி வாங்க யோசிக்கிறவர்கள், அதிலும் என்னைப்போல் மாதம் 4,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவர்கள், முன்பணம் கட்டுவதற்குள் இதைப் படித்துவிடுங்கள். புகார் விசாரணையில் இருப்பதால் கடையின் பெயரையும் காரின் பிராண்டையும் எழுதவில்லை.

டயாலிசிஸ் இயந்திரங்களைப் பராமரிப்பது என் வேலை. வீடு புக்கிட் மெர்தாஜாமில். வாரத்தில் பாதி நாள் ஈப்போ, கோலாலம்பூர், சிரம்பான் என்று நெடுஞ்சாலையிலேயே போய்விடும். இடுப்புவலிக்கும் பெட்ரோல் செலவுக்கும் சேர்த்து ஒரு வழி தேடித்தான் ஐரோப்பிய மின்சார எஸ்யூவி பக்கம் போனேன். அந்த வண்டியின் இருக்கையையும் அதன் அமைதியையும் இன்றும் குறை சொல்ல மாட்டேன்.

2022-இல் பதிவான வண்டி. மீட்டர் 61,000 காட்டியது. பேட்டரி வாரண்டி 8 வருடம் அல்லது 160,000 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அது. மின்சார வண்டிகளுக்குப் பரவலாகத் தரப்படும் வாரண்டி இதுதான். விளம்பரங்களில் 8 வருடம் கொட்டை எழுத்தில் இருக்கும், கிலோமீட்டர் பொடி எழுத்தில் இருக்கும். அதிகம் ஓட்டுகிறவர்களுக்கு அந்தப் பொடி எழுத்துதான் கணக்கு. மாதம் 4,000 என்றால் வருடத்துக்கு 48,000. புது வண்டியாக இருந்தாலும் மூன்றரை வருடத்துக்குள் வாரண்டி காலி. 61,000-இல் தொடங்கினால் எனக்கு இரண்டு வருடம் கிடைக்கும். அந்த இரண்டு வருடத்துக்கும் சேர்த்துத்தான் இரண்டு லட்சம் ரிங்கிட்டுக்கு மேல் கொடுத்தேன்.

விற்றவர் தமிழர். "அக்கா, நம்ம ஆளுக்கு நான் தப்பான வண்டி தருவேனா?" என்றார். பேட்டரி புதிதில் இருந்த கொள்ளளவில் இன்னும் எவ்வளவு மிச்சம் என்று எழுத்தில் கேட்டேன். 96 விழுக்காடு என்று அச்சடித்த ஒரு தாளைக் கொடுத்தார். கிலோமீட்டரும் வாரண்டியும் உண்மைதான் என்று வாட்ஸ்அப்பிலும் எழுதினார். பிராண்டின் சர்வீஸ் நிலையத்துக்குப் போன் செய்தேன். பதிவு பெற்ற உரிமையாளரைத் தவிர யாருக்கும் விவரம் தர மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். பெயர் மாற்றத்துக்காக வாகனப் பரிசோதனை நிறுவனமான புஸ்பாகோம் செய்யும் பி5 பரிசோதனையிலும் வண்டி தேறியது. எனக்குக் கிடைத்த அந்த அறிக்கையில் பேட்டரி பற்றி ஒரு வரிகூட இல்லை.

முதல் நீண்ட பயணத்திலேயே ஏதோ சரியில்லை என்று பட்டது. இந்த அளவு எஸ்யூவி 110 வேகத்தில் போனால் 100 கிலோமீட்டருக்குச் சுமார் 22 யூனிட் (கிலோவாட்-மணி) மின்சாரம் இழுக்கும். 90 யூனிட் பேட்டரி என்றால் 400 கிலோமீட்டர் வரை வரவேண்டும். தயாரிப்பாளர் சொல்லும் 500 நெடுஞ்சாலையில் கிடைக்காது, அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் வீட்டிலிருந்து முழு சார்ஜோடு கிளம்பி, மெனோரா சுரங்கத்தைத் தாண்டி ஈப்போ வழியாகத் தாப்பா வந்து சேரும்போது பாதியாவது மிஞ்ச வேண்டாமா? மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அங்கே 180 கிலோவாட் சார்ஜரில் போட்டால், அதே சார்ஜரின் இன்னொரு இணைப்பில் மின்சாரத்தைப் பங்குபோட வேறு வண்டி இல்லாதபோதும் 60 கிலோவாட்டைத் தாண்டவில்லை.

அப்புறம் சார்ஜர் ரசீதை எடுத்துக் கணக்குப் போட்டேன். வண்டி வாங்குகிறவர்கள் இந்த ஒன்றையாவது செய்துபாருங்கள். 20 விழுக்காட்டிலிருந்து 80 வரை ஏற்றினால் பேட்டரியின் அறுபது விழுக்காடு உள்ளே போகிறது. 90 யூனிட் பேட்டரிக்கு அது 54 யூனிட். வழியில் கொஞ்சம் வீணாவதால் ரசீதில் அதைவிடச் சற்றுக் கூடவே இருக்கும். என் ரசீதில் 44. அதாவது பேட்டரியின் கொள்ளளவு 73 யூனிட்டைத்தான் எட்டுகிறது, புதிதில் இருந்ததில் 81 விழுக்காடு. 96 எங்கே, 81 எங்கே!

பெயர் என் பெயருக்கு மாறிவிட்டதால் இப்போது சர்வீஸ் நிலையம் பேசியது. அங்கிருந்த தம்பி கணினியைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் சொல்லவில்லை. பிறகு திரையை என் பக்கம் திருப்பினார். "அக்கா, இந்தச் சேசிஸ் நம்பருக்குப் போன வருஷமே 148,000-ல சர்வீஸ் பதிவாகியிருக்கு." டேஷ்போர்டில் எண்ணைக் குறைத்திருந்தார்கள். வண்டிக்குள் இருக்கும் வேறொரு கட்டுப்பாட்டுப் பெட்டியில் பழைய எண் அப்படியே கிடந்தது. 160,000-க்கு மிச்சம் 12,000, எனக்கு மூன்று மாத ஓட்டம். மீட்டரில் கைவைத்த வண்டி என்பதால் அந்த வாரண்டியும் செல்லாது என்றார்கள்.

அந்த 96 விழுக்காட்டுத் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். சேசிஸ் நம்பர் அச்சான இடத்தின்மேல் கடையின் நீல முத்திரை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் முத்திரைக்குக் கீழே கடைசி நான்கு எண்கள் தெரிகின்றன. அவை என் வண்டியின் எண்கள் இல்லை. யாரோ ஒருவரின் நல்ல வண்டிக்கு எடுத்த அறிக்கையை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஓட்டுநர் இருக்கைத் தோலையும் பெடல் ரப்பரையும் புதிதாக மாற்றியவர்கள், பின்கதவைத் திறந்தால் தெரியும் பம்பர் விளிம்பை மட்டும் விட்டுவிட்டார்கள். பெட்டி ஏற்றி இறக்கிய கீறல்கள் அதில் வரிவரியாக இருக்கின்றன. கேஎல்ஐஏ விமான நிலையத்துக்குப் பயணிகளை ஏற்றிப்போக விட்டிருந்த வண்டி என்றுதான் நினைக்கிறேன்.

கடைக்குப் போனால் அதே மனிதர் ஒப்பந்தத்தை நீட்டினார். "உள்ளபடியே விற்கப்பட்டது, அக்கா. கையெழுத்துப் போட்டிருக்கீங்க." உள்ளபடி விற்பது வேறு, உள்ளதை மறைத்து விற்பது வேறு. 2011-ஆம் ஆண்டு வாணிப விவரிப்புச் சட்டத்தின்படி பொய் விவரம் சொல்லி விற்பது குற்றம். உள்நாட்டு வாணிப அமைச்சில் புகார் கொடுத்துவிட்டேன். பயனீட்டாளர் நடுவர் மன்றத்திலும் மனுப் போட்டேன். கட்டணம் 5 ரிங்கிட், வக்கீல் தேவையில்லை, 50,000 ரிங்கிட் வரை கோரலாம், மூன்று வருடத்துக்குள் போட வேண்டும். என் நஷ்டம் அதைவிட அதிகம். ஆனாலும் ஏழு வருடக் கடன் தலைமேல் இருக்கும்போது நீதிமன்றத்துக்கு அலைய என்னால் முடியவில்லை.

வாங்கப் போகிறவர்கள் விற்பவரையும் வண்டியையும் சேர்த்துப் பிராண்டின் சர்வீஸ் நிலையத்துக்கே கூட்டிக்கொண்டு போங்கள். உரிமையாளரின் சம்மதக் கடிதம் இருந்தால் விவரம் தருவோம் என்று இப்போது என்னிடம் சொல்கிறார்கள். சேசிஸ் நம்பர் முழுதாகத் தெரியும் பேட்டரி அறிக்கையும், மிச்சமுள்ள வாரண்டி கிலோமீட்டரும் அவர்கள் கைப்பட வரவேண்டும். "நாளைக்குப் போகலாம்", "அங்கே கூட்டம்" என்று விற்பவர் இழுத்தால் முன்பணத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். ஏற்கெனவே வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், போன் மாற்றினாலும் சேமித்து வையுங்கள். என் மனுவோடு முதலில் இணைத்த ஆதாரமே அதுதான். அந்த முத்திரை அடித்த தாள் இரண்டாவது.