ஹப்பா, சுவிட்சா?

கணினிகளையும் பிரிண்டர்களையும் கேபிளால் ஒரே நெட்வொர்க்கில் இணைக்கும் பெட்டிகள்தான் ஹப்பும் சுவிட்சும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான்: வரிசையாகக் கேபிள் செருகும் போர்ட்டுகள், மினுக்கும் பச்சை விளக்குகள். வேலைதான் வேறு.

ஹப்புக்கு யார் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியாது. ஒரு போர்ட்டில் வந்த சிக்னலை மற்ற எல்லாப் போர்ட்டுக்கும் அனுப்பிவிடும். இரண்டு கணினிகள் ஒரே நேரத்தில் அனுப்பினால் மோதல்; இரண்டும் நிறுத்தி, சற்றுப் பொறுத்து மறுபடி அனுப்ப வேண்டும். 10 எம்பிபிஎஸ் (வினாடிக்கு 10 மெகாபிட்) ஹப்பில் எட்டுக் கணினிகள் என்றால், அந்தப் பத்தைத்தான் எட்டும் பங்கு போட்டுக்கொள்ளும்.

சுவிட்ச் கவனித்துக் கற்றுக்கொள்ளும். வரும் ஒவ்வொரு ஃபிரேமிலும், அதாவது தரவுத் துண்டிலும், அனுப்பிய கருவியை அடையாளம் காட்டும் 48 பிட் மேக் முகவரி இருக்கும். அதைப் பார்த்து, எந்த முகவரி எந்தப் போர்ட்டில் என்று அட்டவணை போட்டுக்கொள்ளும். அப்புறம் பிரிண்டருக்குப் போக வேண்டியது பிரிண்டருக்கு மட்டுமே போகும். முகவரி இன்னும் தெரியாதபோதும், எல்லோருக்குமான பிராட்காஸ்ட் வரும்போதும்தான் ஹப் மாதிரி எல்லாப் பக்கமும் அனுப்பும். அனுப்புவதும் பெறுவதும் ஒரே நேரத்தில் நடப்பதால் மோதலுக்கும் இடமில்லை.

1990-இல் கல்பனா என்ற அமெரிக்க நிறுவனம்தான் ஈதர்நெட் எனும் இந்தக் கேபிள் நெட்வொர்க் முறைக்கான முதல் சுவிட்சைக் கொண்டுவந்தது. இன்றோ கடையில் புது ஹப் கிடைப்பதே அரிது. பழையது ஒன்று சும்மா கிடைத்தால், நெட்வொர்க்கில் போவதை ஒட்டுக்கேட்டுப் படிக்க வைத்துக்கொள்ளலாம். அலுவலகத்தில் மாட்ட வேண்டாம்.