தியோங் பாரு, லிட்டில் இந்தியா, ஜூ சியாட்: ஒரு கறிவேப்பிலைக் கணக்கு

வாடகை விளம்பரங்களில் 'எல்லாமே நடக்கிற தூரத்தில்' என்று போடுகிறார்கள். எதற்கு நடக்கிற தூரம் என்று மட்டும் சொல்வதில்லை. எங்கள் வீட்டில் அதற்கு ஓர் அளவுகோல் உண்டு. சனிக்கிழமை காலை சாம்பார் கொதிக்கும்போது கறிவேப்பிலை இல்லை என்று தெரிகிறது. அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு ஓடிப்போய் வாங்கி வந்துவிட முடியுமா? போன முறை சிங்கப்பூரில் வாடகைக்கு வீடு தேடியபோது தியோங் பாரு, லிட்டில் இந்தியா, ஜூ சியாட் என்ற மூன்று பேட்டைகளையும் இந்தக் கணக்கில்தான் பார்த்தோம்.

தியோங் பாருவைப் பார்த்ததுமே மனைவிக்குப் பிடித்துவிட்டது. பிடிக்காமல் எப்படி இருக்கும்? அரசு அடுக்குமாடி வீடுகளைக் கட்டும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) பிறப்பதற்கு 24 வருடம் முன்பே, 1936இல் ஆள் குடியேறிய இடம். வளைந்த பால்கனி, பின்பக்கம் சுழல் படிக்கட்டு, கீழே காப்பிக் கடைகள், சந்தை மாடியில் உணவங்காடி நிலையம். 2003இல் போருக்கு முந்தைய 20 புளோக்குகளைப் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களாக அறிவித்தார்கள். அழகெல்லாம் அப்படியே இருக்கிறது, லிஃப்ட் இல்லாததும் அப்படியே இருக்கிறது. நாங்கள் பார்த்தது மூன்றாவது மாடி. வெறுங்கையோடு ஏறியதற்கே மூச்சு வாங்கியது, பத்துக் கிலோ பொன்னி மூட்டையை நினைத்துக்கொண்டேன்.

அங்கேதான் அந்தக் கேள்வியும் வந்தது. முகவர் சமையலறை வாசலில் நின்றுகொண்டு, "லைட் குக்கிங்தானே பண்ணுவீங்க?" என்றார். தாளிப்பது லைட்டா ஹெவியா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, வாசனை வராமல் இருந்தால் சரி என்றார். வாசனை வராத தாளிப்பு! இங்கே வீடு தேடிய இந்தியர்களிடம் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேரிடம் இப்படி ஒரு கதை இருக்கும்.

கறிவேப்பிலைக்கு லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தைக்குப் போக ரயில் சுலபம்தான். ஒரே நிலையத்தில் ஊட்ரம் பார்க், அங்கே வடகிழக்கு ரயிலுக்கு மாறினால் நான்காவது நிலையம் லிட்டில் இந்தியா. ஆனால் பழைய புளோக்குகளிலிருந்து எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கே பத்து நிமிட நடை. போய்த் திரும்புவதற்குள் சாம்பார் சுண்டிவிடும்.

லிட்டில் இந்தியாவில் இந்தக் கவலையே இல்லை. பஃபலோ ரோட்டில் இறங்கினால் கறிவேப்பிலை, முருங்கைக்காய், வாழைப்பூ. சந்தைக்குள் போனால் ஆட்டிறைச்சி. அம்மா ஊரிலிருந்து வந்தால் மொழி தெரியாமல் தவிக்க வேண்டாம், கோவிலுக்குத் தானாகவே போய் வருவார். தாளிப்பைப் பற்றியும் யாரும் கேட்கவில்லை. அப்புறம் ஏன் எடுக்கவில்லை என்றால், சத்தம். ஞாயிற்றுக்கிழமை தீவின் எல்லாப் பக்கத்திலிருந்தும் நம் ஊழியர்கள் வந்து சேர்வார்கள். வாரத்தில் ஒரு நாள் ஊர்க்காரனைப் பார்த்துப் பேச வேறு எங்கேதான் போவார்கள், அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் கடைவீட்டு மாடியில் கைக்குழந்தையைத் தூங்க வைக்க வேண்டியவர் அந்த நாளைக் கணக்கில் எடுத்தே ஆகவேண்டும். தைப்பூசத்துக்கு முந்தின இரவு சிராங்கூன் ரோட்டில் தூக்கத்தை மறந்துவிடுங்கள்.

தேக்கா சந்தையை ஒட்டியே வீவக புளோக்குகள் இருக்கின்றன, அவை சற்று பரவாயில்லை. ஆனால் குடியுரிமை இல்லாதவர்களுக்கு (மலேசியர்கள் தவிர) முழு வீட்டை வாடகைக்கு விட ஒதுக்கீட்டு வரம்பு உண்டு: பேட்டையில் 8 சதவீதம், புளோக்கில் 11 சதவீதம். வரம்பு நிரம்பிவிட்டால் வீட்டுக்காரர் சம்மதித்தும் பயனில்லை. அறை மட்டும் எடுப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. தனியாளாகப் புதிதாக வருகிறவருக்கு நான் இங்கே ஓர் அறையைத்தான் சொல்வேன்.

ஜூ சியாட்டை நாங்கள் கடைசியாக, வேண்டா வெறுப்பாகத்தான் போய்ப் பார்த்தோம். கூன் செங் ரோட்டில் வண்ணவண்ண வீடுகளுக்கு முன்னால் படம் எடுக்கும் கூட்டம், தியோங் பாரு மாதிரியே காப்பிக் கடைகள். இது இன்னொரு ஷோக்கு ஏரியா என்றுதான் நினைத்தேன். ஆனால் ஜூ சியாட் ரோடு நீளமானது. தெற்கு முனை ஈஸ்ட் கோஸ்ட் ரோட்டுப் பக்கம், லக்சா என்ற தேங்காய்ப்பால் நூடுல்ஸ், பேக்கரி, கொஞ்சம் தள்ளிக் கடற்கரை. 2024 ஜூனில் மரின் பரேட், தஞ்சோங் காத்தோங் நிலையங்கள் திறந்தபிறகு அந்தப் பக்கத்துக்கு மவுசு கூடிவிட்டது. சிலோன் ரோட்டில் செண்பக விநாயகர் கோவிலும் அங்கேதான். வடக்கு முனையோ நேராக கேலாங் சிராய் சந்தையில் போய் முட்டுகிறது. துருவிய தேங்காய், வாழையிலை, கறிவேப்பிலை, மாடியில் பிரியாணி. கடை வைத்திருக்கும் மலாய்க்கார மக்சிக்கு (ஆன்ட்டிக்கு) மசாலாவைப் பற்றி நாம் விளக்க வேண்டியதில்லை. அங்கிருந்து பாய லேபார் எம்ஆர்டியும் நடக்கிற தூரம், இரண்டு ரயில் பாதை. தேக்காவுக்கு மட்டும் சுற்றிப் போகவேண்டும், மாதம் ஒரு முறைதானே.

வடக்கு முனையிலிருந்து ஏழு நிமிட நடையில் ஒரு பழைய தனியார் அடுக்குமாடி வீடு. அதிலும் லிஃப்ட் இல்லை, ஆனால் இரண்டாவது மாடிதான். வாடகை மாதம் 3,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), இரண்டு வருட ஒப்பந்தம். முன்பணம் இரண்டு மாதம், மொத்த வாடகை 72,000க்கு 0.4 சதவீதம் முத்திரைத் தீர்வை, அதாவது 288 வெள்ளி. அது வாடகைக்கு வருகிறவர் தலையில்தான், மறந்துவிடாதீர்கள்.

ஒப்பந்தத்தில் இங்கேயும் அந்த 'லைட் குக்கிங்' வரி இருந்தது. கையெழுத்துக்கு முன்னால் அதை எடுக்க முடியுமா என்று கேட்டோம். வீட்டுக்காரர் ஒரு பெரானாக்கான் (சீன, மலாய் மரபுகள் கலந்த சமூகம்) ஆன்ட்டி. பேனாவை வாங்கி அந்த வரியை அடித்துவிட்டு, "நானே பிளாச்சான் (வாசனை தூக்கும் இறால் விழுது) வறுக்கிறவள், ஜன்னலை மட்டும் திறந்து வையுங்கள்" என்றார்.