மங்கிப்போன டபுள் கிளேசிங்: கண்ணாடியை மட்டும் மாற்றினால் போதுமா?

பிரிட்டன் வீடுகளில் இரட்டைக் கண்ணாடி போட்ட யூபிவிசி (பிளாஸ்டிக்) யன்னல் பத்துப் பதினைந்து வருடம் போனதும் மங்கத் தொடங்கினால், முதலில் துணியால் துடைத்துப் பாருங்கள். ஈரம் அறைப்பக்கம் என்றால் குசினி ஆவியும் காற்றோட்டக் குறைவும்தான் காரணம். வெளிப்பக்கம் விடியலில் பனித்து வெயில் ஏற மறைந்தால் கண்ணாடி நன்றாக வேலை செய்கிறது. இரண்டு பக்கமும் துடைத்தும் போகாவிட்டால்தான் இரு கண்ணாடிகளின் விளிம்பை அடைக்கும் சீல் போய்விட்டது.

இரு கண்ணாடிகளையும் ஓரத்தில் விலக்கிப் பிடிக்கும் ஸ்பேசர் பட்டைக்குள் ஈரம் உறிஞ்சும் மணிகள் உண்டு. அவை நிறைந்த பிறகே மங்கல் கண்ணில் படும். துளைபோட்டுக் காயவைக்கும் வேலைக்குக் காசு கொடுக்காதீர்கள். கொஞ்ச நாள் தெளியும், இடைவெளியில் அடைத்திருந்து போன ஆர்கான் வாயு திரும்பாது.

சட்டகமும் பிணைச்சலும் சரியாக இருந்தால் முழு யன்னல் வேண்டாம், கண்ணாடி யூனிட் (ஒட்டிச் சேர்த்த இரட்டைக் கண்ணாடி) போதும். (விற்க வருபவர் இதை முதலில் சொல்லமாட்டார்.) பீடிங்கை (கண்ணாடியைப் பிடிக்கும் ஓரப்பட்டியை) கழற்றி, கண்ணாடி உட்காரும் பள்ளத்தின் அகலம், உயரம் இரண்டையும் தலா மூன்று இடத்தில் அளந்து, சிறிய அளவில் 10 மி.மீ. கழியுங்கள். ஓர்டரில் அகலம் முதலில் வரும். தடிப்பு பெரும்பாலும் 28 மி.மீ. (4 கண்ணாடி, 20 இடைவெளி, 4 கண்ணாடி), சிலவற்றில் 24. தரையிலிருந்து 800 மி.மீ.க்குக் கீழே இறங்கும் கண்ணாடி டஃப்பன்ட் (பதப்படுத்திய) அல்லது லாமினேட்டட் (நடுவில் படலம் ஒட்டிய) பாதுகாப்புக் கண்ணாடியாக இருக்கவேண்டும். 4+4 கண்ணாடி சதுர மீட்டருக்கு 20 கிலோ, தனியாகத் தூக்காதீர்கள்.

நீளமான பீடிங்கின் நடுவில் புட்டிக் கத்தியைச் செருகி நெம்பவேண்டும். மூலையில் தொடங்கினால் பீடிங் உடையும், குளிர்நாளில் இன்னும் லேசாக.

புது யூனிட்டும் ஐந்தாறு வருடத்தில் மங்கினால், குற்றம் பெரும்பாலும் பள்ளத்தில் தேங்கும் தண்ணீரில்தான். விளிம்புச் சீல் நாட்கணக்கில் ஊறினால் தாங்காது. பழைய யூனிட்டை எடுத்ததும் பாசி, சிலந்திக்கூடு, சிலிக்கோன் துண்டு எல்லாவற்றையும் வழித்தெடுத்து, ஒரு குவளை தண்ணீர் ஊற்றுங்கள், வெளித்துளையால் ஓடவேண்டும். கண்ணாடியைத் தாங்க இடையில் வைக்கும் பிளாஸ்டிக் துண்டான பேக்கர் அந்தத் துளையை மூடக்கூடாது. பக்கவாட்டில் திறக்கும் யன்னலில் பிணைச்சல் பக்கம் கீழேயும், கைப்பிடிப் பக்கம் மேலேயும் பேக்கர் இறுக்கமாக இருக்கட்டும். இல்லாவிட்டால் கதவு தொங்கி, கைப்பிடிப் பக்கக் கீழ்மூலை சட்டகத்தில் உரசும்.

கடைசி பீடிங்கைத் தட்டுமுன் உள்ளிருந்து லைட்டர் சுடரைக் காட்டுங்கள். நான்கு பிம்பம் தெரியும். உங்களிடமிருந்து இரண்டாவது மட்டும் நிறம் மாறியிருந்தால் வெப்பத்தை அறைக்குள் திருப்பும் வெப்பப்பூச்சு உள்கண்ணாடியில், சரியான பக்கம். மூன்றாவது மாறியிருந்தால் யூனிட்டைத் திருப்புங்கள்.